2 வருஷ கிரீன் கார்டுல இருந்து 10 வருஷ கார்டுக்கு: மனைவிக்கும் கூட வந்த குழந்தைக்கும் ஐ-751 போடுற முழு வழிகாட்டி

முதல்ல ரெண்டு கார்டையும் எடுத்து டேபிள் மேல வைங்க, உங்களோடது ஒண்ணு, முதல் கல்யாணத்துல பொறந்து உங்க கூட அமெரிக்கா வந்த குழந்தையோடது ஒண்ணு. கார்டு முன்பக்கத்துல எந்த தேதில இருந்து ரெசிடென்ட்னு ஒண்ணும் எப்ப எக்ஸ்பயர் ஆகுதுன்னு ஒண்ணும் ரெண்டு தேதி போட்டிருக்கும். ரெண்டு கார்டுலயும் அந்த தேதிங்க ஒண்ணா இருக்கா, இல்ல வேற வேறயான்னு பாத்து ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க. இத முதல்லயே சொல்றதுக்கு காரணம் இருக்கு, நான் இத கடைசி ராத்திரிதான் பாத்தேன்.

நான் திருச்சில இருந்து வந்தவ, ரெண்டாவது கல்யாணம், வீட்டுக்காரர் அமெரிக்க சிட்டிசன். எனக்கும் என் பையனுக்கும் மும்பை கான்சுலேட்ல ஒரே நாள்தான் இன்டர்வியூ, விசாவும் ஒண்ணாத்தான் வந்துச்சு. ஆனா நான் ஜனவரில கிளம்பி வந்துட்டேன், அவன் அஞ்சாங்கிளாஸ் முழுப்பரீட்சை எழுதிட்டு எங்கம்மா கூட மே மாசக் கடைசிலதான் வந்தான். அப்ப அது ஒரு பெரிய விஷயமாவே தெரியல. ரெண்டு வருஷம் கழிச்சு ஐ-751, அதாவது 2 வருஷ கார்டுல இருக்குற கண்டிஷன எடுக்கச் சொல்லிப் போடுற ஃபார்ம், அத போடுற நேரத்துல, பணம் வாங்கிட்டு ஃபார்ம் நிரப்பிக் குடுக்குற ஒருத்தர் "பையனையும் உங்க ஃபார்ம்லயே சேத்துடலாம்மா, ஒரே ஃபீஸ்"னு சொல்லி அவன் பேரையும் எழுதிட்டார், நானும் சரின்னு தலையாட்டிட்டேன். தபால்ல போடுறதுக்கு முந்தின நாள் ராத்திரி காப்பி எடுக்குறதுக்காக ரெண்டு கார்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சப்பதான் தேதி கண்ணுல பட்டுச்சு. நாலு மாசத்துக்கு மேல வித்தியாசம், அவன என் ஃபார்ம்ல சேக்கவே முடியாது. அப்படியே போயிருந்தா அவனுக்குன்னு எதுவுமே ஃபைல் ஆகாம அவன் ஸ்டேட்டஸ் போயிருக்கும். அந்த பயத்துல நான் தேடித்தேடி படிச்சது, ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட உக்காந்து கேட்டது எல்லாத்தையும் இங்க எழுதுறேன்.

ஏன் இந்த 2 வருஷ கார்டு

1986ல அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, கிரீன் கார்டுக்காக மட்டும் பண்ற பொய்க் கல்யாணத்த தடுக்குறதுக்கு. அதுபடி நீங்க பெர்மனென்ட் ரெசிடென்ட் ஆகுற அன்னைக்கு கல்யாணமாகி 2 வருஷம் முடியலேன்னா உங்களுக்கு கண்டிஷனல் கார்டுதான், அதாவது இந்த 2 வருஷ கார்டுதான் வரும். கார்டுல வகையக் காட்டுற ஒரு குறியீடு இருக்கும், மனைவியோ கணவனோ வெளிநாட்டுல இருந்து விசால வந்தா சி.ஆர்.1, குழந்தைக்கு சி.ஆர்.2. அமெரிக்காவுக்குள்ள இருந்தே அப்ளை பண்ணவங்களுக்கு சி.ஆர்.6, சி.ஆர்.7னு இருக்கும், ஃபியான்சி விசால வந்தவங்களுக்கு சி.எஃப்.1, சி.எஃப்.2.

இங்க ஒரு சின்ன விஷயம் நிறைய பேருக்கு தெரியல. நீங்க வந்தப்ப கல்யாணமாகி 2 வருஷம் ஆகல, ஆனா குழந்தை லேட்டா வந்தான், அவன் வந்து இறங்குற அன்னைக்கு கல்யாணம் 2 வருஷத்த தாண்டிடுச்சுன்னா அவனுக்கு கண்டிஷனே கிடையாது, நேரா 10 வருஷ கார்டு. அப்படி இருக்க வேண்டியவனுக்கு தப்பா 2 வருஷ கார்டு வந்திருந்தா முதல்ல அத சரி பண்ணணும்.

கண்டிஷனல்னா அரை ரெசிடென்ட்னு நினைக்காதீங்க. வேலை பாக்கலாம், படிக்கலாம், ஊருக்கு போய்ட்டு வரலாம், எல்லா உரிமையும் இருக்கு. ஒரே ஒரு வித்தியாசம்தான், 2 வருஷம் முடியுறதுக்குள்ள ஐ-751 போடலேன்னா ஸ்டேட்டஸ் தானாவே முடிஞ்சுடும், அப்புறம் இமிக்ரேஷன் கோர்ட்டுக்கு வரச்சொல்லி நோட்டீஸ் அனுப்புவாங்க. ஐ-90னு ஒரு ஃபார்ம் இருக்கு, அது 10 வருஷ கார்ட ரினியூ பண்றதுக்கும் தொலைஞ்ச கார்டுக்கு பதில் வாங்குறதுக்கும் உள்ளது, 2 வருஷ கார்டு முடியுதுன்னு அதப் போட்டுட்டு நிம்மதியா உக்காந்துடாதீங்க.

90 நாள் கணக்கு

கார்டு எக்ஸ்பயர் ஆகுறதுக்கு முன்னாடி இருக்குற 90 நாளுக்குள்ளதான் ஃபைல் பண்ணணும். அதுக்கு முன்னாடி அனுப்புனா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. உதாரணத்துக்கு உங்க கார்டு 2027 மார்ச் 15ல முடியுதுன்னா 2026 டிசம்பர் 15ல இருந்து உங்க கதவு திறக்கும். பையன் கார்டு 2027 ஆகஸ்ட் 20ல முடியுதுன்னா அவனுக்கு 2027 மே 22. "மூணு மாசம் முன்னாடி"ன்னு குத்துமதிப்பா போடாதீங்க, 90 நாள்னா நாள் நாளாத்தான் எண்ணணும். கதவு திறந்து ஒரு வாரம் கழிச்சு போய் சேர்ற மாதிரி அனுப்புறது நல்லது, அப்பதான் ஏதாவது தப்புனு திரும்பி வந்தாலும் சரி பண்ணி மறுபடி அனுப்ப டைம் இருக்கும்.

தேதி தாண்டிப் போச்சா? அதுக்காக அனுப்பாம விட்டுடாதீங்க. நியாயமான காரணம் இருந்தா, ஆஸ்பத்திரில இருந்தீங்க, வீட்டுல ஒரு சாவு, இந்த மாதிரி, அத ஒரு லெட்டரா எழுதி ஆதாரத்தோட சேத்து அனுப்பலாம், ஏத்துக்குறது ஆபீசர் முடிவு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வக்கீல பாத்துடுங்க.

குழந்தை உங்க ஃபார்ம்லயா, தனி ஃபார்மா

இதுதான் இந்த முழு விஷயத்துலயும் அதிகமா தப்பு நடக்குற இடம், அதனால கொஞ்சம் நிறுத்தி நிதானமா படிங்க.

குழந்தை உங்க கூட அதே நாள்லயோ, இல்ல நீங்க ரெசிடென்ட் ஆனதுல இருந்து 90 நாளுக்குள்ளயோ கண்டிஷனல் ரெசிடென்ட் ஆகியிருந்தா உங்க ஐ-751ல குழந்தைகள் பத்தின பகுதில அவன் பேரு, பொறந்த தேதி, ஏ-நம்பர் (இமிக்ரேஷன்ல குடுக்குற அடையாள நம்பர்) எல்லாம் எழுதி ஒரே ஃபார்மா அனுப்பலாம். குழந்தையும் உங்க கூட விண்ணப்பிக்கிறானான்னு ஒரு கேள்வி இருக்கும், அதுக்கு ஆமான்னு டிக் பண்ண மறந்துடாதீங்க, ஏன்னா அந்தப் பகுதில எல்லா பிள்ளைங்க பேரையும் எழுதச் சொல்றாங்க, பேரு எழுதிட்டா மட்டும் அவனுக்கும் சேத்து போட்டதா ஆகாது.

90 நாள தாண்டி வந்திருந்தா அவனுக்கு தனி ஐ-751, தனி ஃபீஸ், தனி தேதி. அந்த ஃபார்ம்ல எந்த அடிப்படைல போடுறீங்கன்னு ஒரு பகுதி வரும், அதுல என் பெற்றோரோட துணைவர் கூட சேந்து போடுறேன், பெற்றோரோட ஃபார்ம்ல என்னை சேக்க முடியாத நிலைமைன்னு அர்த்தம் வர்ற கட்டம் ஒண்ணு இருக்கு, அதுதான் உங்க குழந்தைக்கு. கணவன் மனைவிக்கு உள்ள கட்டத்துல கை பழக்கத்துல டிக் பண்ணிடாதீங்க. அதாவது அவனும் அவனோட ஸ்டெப் ஃபாதரும் சேந்து போடுற விண்ணப்பம் இது, ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். 14 வயசுக்கு கீழ இருந்தா அவனுக்கு பதிலா நீங்க போடலாம், 14 ஆயிட்டா அவனே போடணும். என் பையன் அப்ப 12, நான்தான் போட்டேன். அவன் பக்கத்துல உக்காந்து "என் பேருல ஃபார்ம், நீ எதுக்கு கையெழுத்து போடுற"ன்னு கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

சிட்டிசனோட மனைவிக்கு விசா போடுறப்ப குழந்தை தானா ஒட்டிக்கிட்டு வர மாட்டான், அவனுக்குன்னு தனியா ஐ-130, அதாவது சொந்தக்காரங்கள கூப்பிடுற மனு போட்டிருப்பீங்க, கல்யாணத்தப்ப அவன் 18 வயசுக்கு கீழ இருந்ததாலதான் ஸ்டெப் சைல்ட்னு சட்டம் அவன ஏத்துக்கிட்டது. அந்த பழைய ஐ-130 அப்ரூவல், உங்க முதல் கல்யாணத்து டிவோர்ஸ் டிக்ரி இல்ல இறப்பு சான்றிதழ், அவனோட பர்த் சர்டிபிகேட் இதெல்லாம் ஒரு ஃபைல்ல பத்திரமா வைங்க, மறுபடி கேட்டா உடனே எடுக்கலாம்.

பேர் விஷயம், நம்ம ஆளுங்களுக்குன்னு

நம்ம வீடுகள்ல குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது. என் பேருக்கு பின்னாடி இப்ப என் வீட்டுக்காரர் பேரு, அவர் பேருக்கு பின்னாடி அவங்கப்பா பேரு, என் பையன் பேருக்கு பின்னாடி அவனப் பெத்த அப்பா பேரு. ஒரே வீட்டுல மூணு பேரு, மூணு லாஸ்ட் நேம். இத ஒரு அமெரிக்க ஆபீசர் பாத்தா இவங்க மூணு பேருக்கும் சம்பந்தமே இல்லையோன்னுதான் முதல்ல தோணும். சில பேருக்கு இன்னும் குழப்பம், பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்ததால விசால கிவன் நேம் இடத்துல எஃப்.என்.யூ.ன்னு (முதல் பேரு தெரியலங்கிறதுக்கு சுருக்கம்) வந்து, அது அப்படியே கார்டு வரைக்கும் வந்திருக்கும், பேங்க்ல வேற மாதிரி, ஸ்கூல்ல வேற மாதிரி.

அதனால கவர் லெட்டர்லயே ஒரு பாரா இதுக்குன்னு எழுதுங்க. தமிழ்நாட்டு வழக்கப்படி அப்பா பேரோ கணவர் பேரோதான் பின்னாடி வரும், குடும்பப் பேரு கிடையாது, மூணு பேருக்கும் இருக்குற கடைசி பேரு யாரோடதுன்னு ஒவ்வொரு வரில சொல்லிடுங்க. இதுக்கு முன்னாடி பயன்படுத்துன மத்த பேருங்கன்னு ஃபார்ம்ல ஒரு இடம் இருக்கு, அதுல கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேரு, முதல் கணவர் பேரோட இருந்த பேரு, எஃப்.என்.யூ. வந்த பேரு எல்லாத்தையும் எழுதுங்க. எதையும் மறைக்க வேண்டியது இல்ல, மறைச்ச மாதிரி தெரியறதுதான் ஆபத்து.

ஆதாரம் சேக்குறது

இந்த ஃபார்ம பாக்குற இமிக்ரேஷன் ஆபீஸ், யூ.எஸ்.சி.ஐ.எஸ்., கேக்குறது ஒரே கேள்விதான், இந்த கல்யாணம் நிஜமா, நல்ல எண்ணத்தோட பண்ணதா. கல்யாண ஆல்பத்த வச்சு அத காட்ட முடியாது, அதெல்லாம் விசாவுக்கே குடுத்தாச்சு. இப்ப காட்ட வேண்டியது கார்டு வந்ததுக்கு அப்புறம் இருக்குற 2 வருஷ வாழ்க்கை.

ஒரே வீட்டுல இருக்கீங்கன்னு காட்ட ரெண்டு பேர் பேரும் இருக்குற லீஸ் இல்ல மார்ட்கேஜ். அந்த லீஸ்ல குழந்தை பேரும் குடியிருக்குறவங்க லிஸ்ட்ல இருக்கும், அந்தப் பக்கத்தையும் சேத்து காப்பி எடுங்க. பணம் ஒண்ணா புழங்குதுன்னு காட்ட ஜாயின்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட், ஆனா போன மாசம் திறந்து 100 டாலர் போட்டு வச்ச அக்கவுன்ட் எதுக்கும் உதவாது, சம்பளம் வந்து அதுலேருந்து கரண்ட் பில்லும் மளிகையும் ஸ்கூல் லஞ்ச் பணமும் போயிருக்கணும். 24 மாசத்தையும் பிரிண்ட் எடுக்க வேண்டியதில்ல, ரெண்டு வருஷத்துலயும் அங்கங்க மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு எடுத்தா போதும். டாக்ஸுக்கு ஐ.ஆர்.எஸ்.ங்கிற வரி ஆபீஸ் வெப்சைட்ல ட்ரான்ஸ்கிரிப்ட் ஃப்ரீயா எடுக்கலாம், ஜாயின்ட்டா ஃபைல் பண்ணது, குழந்தைய டிபென்டென்ட்டா காட்டுனது ரெண்டும் பெரிய பலம். தனித்தனியா ஃபைல் பண்ணியிருந்தா தப்பு இல்ல, ஏன் அப்படி பண்ணீங்கன்னு ஒரு வரி எழுதிடுங்க. ஹெல்த் இன்சூரன்ஸ், கார் இன்சூரன்ஸ், லைஃப் இன்சூரன்ஸ்ல யாருக்கு பணம் போகணும்னு எழுதுன பக்கம், இந்த கல்யாணத்துல குழந்தை பொறந்திருந்தா அதோட பர்த் சர்டிபிகேட், இதெல்லாம் சேருங்க.

இப்ப பையன் பக்கம். நிறைய பேரு இங்க ஒண்ணுமே வைக்கிறதில்ல, கார்டு காப்பியோட விட்டுடுறாங்க, எனக்கு அது மனசுக்கு கஷ்டமா இருக்கும். ஒரு ஆம்பள இன்னொருத்தர் பெத்த பிள்ளைக்காக ரெண்டு வருஷமா காலைல எந்திரிச்சு பஸ் ஸ்டாப்ல நிக்கிறார்னா அத விட இந்த கல்யாணம் நிஜம்னு சொல்ற ஆதாரம் வேற என்ன வேணும்? அது பேப்பர்லயும் இருக்கு, நாமதான் தேடணும். ஸ்கூல் என்ரோல்மென்ட் ஃபார்ம், எமர்ஜென்சி கான்டாக்ட், யார் பிள்ளைய கூட்டிட்டு போகலாம்னு குடுத்த லிஸ்ட், பீடியாட்ரிஷியன் ஆபீஸ்ல கையெழுத்து போட்டது, பல் டாக்டர் பில்லு, சாக்கர் ரெஜிஸ்ட்ரேஷன், அவரோட கம்பெனி இன்சூரன்ஸ்ல பையன் பேரு சேந்திருக்குற பக்கம்.

எங்க ஃபைல்ல ஒரு பேப்பர் இருந்துச்சு, ஸ்கூல் நர்ஸ் ஆபீஸ் எமர்ஜென்சி கார்டு. முதல் வருஷம் நான் நிரப்புனது, ரெண்டாவது வருஷம் அவர் நிரப்புனது. நான் நிரப்புனதுல அவர் பேருக்கு நேரா உறவுமுறைன்னு இருந்த இடத்துல ஸ்டெப் ஃபாதர்னு எழுதியிருந்தேன், அவர் எழுதுனதுல வெறும் ஃபாதர்னு இருந்துச்சு, நீல பேனால, அவரோட சாஞ்ச கையெழுத்துல. பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி, அதையும் அவரே எழுதி பக்கத்துல நட்சத்திரம் போட்டிருந்தார். ஸ்கூல்ல கேட்டு ரெண்டுக்கும் காப்பி வாங்கி சேத்தேன். சட்டப்படி அவர் ஸ்டெப் ஃபாதர்தான், அதனால கவர் லெட்டர்ல அத தெளிவா எழுதிட்டேன், எந்த ஃபார்ம்லயாவது ஃபாதர்னு இருந்தா ஆபீசர் குழம்பக்கூடாது இல்லையா.

தெரிஞ்சவங்க எழுதிக் குடுக்குற அஃபிடவிட்டும் வைக்கலாம், வச்சா குறைஞ்சது ரெண்டு பேர்கிட்ட வாங்குங்க. நீங்க கண்டிஷனல் ரெசிடென்ட் ஆனதுல இருந்து உங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சவங்களா இருக்கணும். அவங்க முழுப் பேரு, அட்ரஸ், பொறந்த தேதி, பொறந்த இடம், உங்களுக்கு என்ன உறவு, உங்க வாழ்க்கைய எப்படி நேர்ல பாத்தாங்கன்னு இருக்கணும். "இவங்க நல்ல தம்பதி"ன்னு நாலு வரி எழுதுறது வேஸ்ட். "பொங்கலுக்கு இவங்க வீட்டுக்கு போயிருந்தோம், பையன் புது ஸ்கூல்ல படுற கஷ்டத்த பத்தி அவரு என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனாரு"ன்னு எழுதுனா அதுல உயிர் இருக்கு. அஃபிடவிட் மட்டும் தனியா நிக்காது, மத்த பேப்பர்களுக்கு துணையாத்தான் அது.

தமிழ்ல இருக்குற எந்தப் பேப்பரா இருந்தாலும் முழு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், கூடவே எனக்கு ரெண்டு மொழியும் தெரியும், இது முழுமையா சரியா இருக்குன்னு மொழிபெயர்த்தவர் எழுதி கையெழுத்து போடணும். ரெண்டு மொழியும் நல்லா தெரிஞ்ச ஃப்ரெண்ட் யாராவது பண்ணலாம். வாட்ஸ்அப் சாட்ட நானூறு பக்கம் பிரிண்ட் எடுக்காதீங்க, அத யாரும் படிக்கப் போறதில்ல.

போலீஸ் கேஸ், அரெஸ்ட் ஏதாவது இருந்தா, தள்ளுபடி ஆகியிருந்தாலும், கோர்ட் பேப்பரோட சர்டிஃபைடு காப்பி வேணும். அப்படி இருந்தா சொந்தமா ஃபைல் பண்ணாதீங்க, வக்கீல் வச்சுக்குங்க.

ஃபீஸ், பேக்கிங், அனுப்புறது

2024 ஏப்ரல் 1ல இருந்து ஃபீஸ் 750 டாலர், பயோமெட்ரிக்ஸும் அதுலயே அடக்கம். உங்க ஃபார்ம்ல சேத்த குழந்தைக்கு தனியா பணம் இல்ல, தனி ஃபார்ம் போட்டா இன்னொரு 750. கஷ்டப்படுற குடும்பமா இருந்தா ஐ-912 போட்டு ஃபீஸ் தள்ளுபடி கேக்கலாம். 2025 அக்டோபர் 28க்கு அப்புறம் பேப்பர் செக்கும் மணி ஆர்டரும் பொதுவா வாங்குறதில்ல, கார்டுல கட்டுறதுன்னா ஜி-1450, பேங்க் அக்கவுன்ட்ல இருந்துன்னா ஜி-1650 ஃபார்ம வைங்க. லேட்டா வந்த பிள்ளைங்க ரெண்டு பேரா இருந்து அவங்க ஐ-751 ரெண்டும் ஒரே கவர்ல போனாலும் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பேமென்ட் ஃபார்ம் வைங்க, ஒண்ணுல சேத்து 1500னு எழுதாதீங்க.

ஃபீஸும் ஃபார்ம் எடிஷனும் எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்ங்கிறதும் மாறிக்கிட்டே இருக்கும், அனுப்புற அன்னைக்கு காலைல யூ.எஸ்.சி.ஐ.எஸ். வெப்சைட்ல ஐ-751 பக்கத்த ஒரு தடவ பாருங்க. ஃபார்ம் கீழ ஓரத்துல எடிஷன் தேதி இருக்கும், எல்லாப் பக்கத்துலயும் அது ஒண்ணா இருக்கணும், போன மாசம் எடுத்த பிரிண்ட்ல பாதி இந்த மாசம் எடுத்ததுல பாதின்னு கலந்துடாதீங்க.

மேல பேமென்ட் ஃபார்ம், அப்புறம் ஜி-1145, இத வச்சா வாங்குனதும் போனுக்கு மெசேஜ் வரும், அப்புறம் கவர் லெட்டர், ஐ-751, கிரீன் கார்டு முன்னும் பின்னும் காப்பி, சேத்துக்குற குழந்தை கார்டும் அதே மாதிரி, அதுக்கப்புறம் ஆதாரங்க. ஸ்பைரல் பைண்டிங், பிளாஸ்டிக் கவர் எதுவும் வேணாம், அங்க ஸ்கேன் பண்ணுவாங்க. கையெழுத்து பேனால போட்டதா இருக்கணும், டைப் பண்ண பேரு செல்லாது. வீட்டுக்காரர் கையெழுத்து போடுற பக்கம் வேற, நீங்க போடுற பக்கம் வேற, எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு அவர் கையெழுத்து இல்லேன்னு மொத்த கட்டும் திரும்பி வந்துச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சுக்குங்க, ட்ராக்கிங்கோட அனுப்புங்க.

லெட்டர் வந்ததுக்கு அப்புறம்

சில வாரத்துல ஐ-797 ரசீது வரும். அது வெறும் ரசீது இல்ல, உங்க ஸ்டேட்டஸ கார்டு முடிஞ்ச தேதில இருந்து 48 மாசம் நீட்டிக்கிற லெட்டர், 2023 ஜனவரில இருந்து இந்த 48 மாசம். முடிஞ்சு போன கார்டும் இந்த லெட்டரும் சேந்துதான் இனிமே உங்க கிரீன் கார்டு, வேலைக்கும் டிரைவிங் லைசென்சுக்கும் பயணத்துக்கும் ரெண்டையும் காட்டணும். குழந்தைய உங்க ஃபார்ம்ல சேத்திருந்தா லெட்டர்ல அவன் பேரும் ஏ-நம்பரும் இருக்கான்னு உடனே பாருங்க, இல்லேன்னா கான்டாக்ட் சென்டருக்கு 800-375-5283ல கூப்புட்டு கேளுங்க. லெட்டர் தொலைஞ்சு போச்சு, அவசரமா ஊருக்கு போகணும்னாலும் இதே நம்பர்தான், பாஸ்போர்ட்ல ஐ-551 ஸ்டாம்ப், அதாவது நீங்க ரெசிடென்ட்னு காட்டுற தற்காலிக முத்திரை, போட்டுத் தரச்சொல்லி கேக்கலாம்.

ஊருக்கு போறப்ப ஒரிஜினல் லெட்டர கைப்பைல வைங்க, செக்-இன் பெட்டில போட்டுடாதீங்க. நாங்க சென்னைல இருந்து திரும்புறப்ப ஒரு ஏர்லைன் கவுன்டர்ல இருந்த பொண்ணு எக்ஸ்பயர் ஆன கார்ட பாத்துட்டு போர்டிங் பாஸ் தர மாட்டேன்னுடுச்சு. லெட்டர்ல 48 மாசம்னு இருக்குற வரிய நான் முன்னாடியே ஹைலைட்டர்ல கோடு போட்டு காப்பி எடுத்து வச்சிருந்தேன், அத காட்டி, அவங்க மேனேஜர கூப்புட்டு, அப்புறம்தான் விட்டாங்க. பையன் என் துப்பட்டாவ புடிச்சிட்டே நின்னான். நீங்களும் அந்த வரில கோடு போட்டு ஒரு காப்பி வச்சுக்குங்க.

பயோமெட்ரிக்ஸ் அப்பாயின்ட்மென்ட் வரலாம், சில பேருக்கு பழைய கைரேகையவே எடுத்துக்குவாங்க. குழந்தைக்கு தனி லெட்டர் வந்தா அந்த நாள ஸ்கூல் டூர் அது இதுன்னு விட்டுடாதீங்க. வீடு மாறுனா 10 நாளுக்குள்ள ஏ.ஆர்-11ல அட்ரஸ் மாத்தணும், உங்களுக்கும் குழந்தைக்கும் ரெண்டு பேருக்கும். போஸ்ட் ஆபீஸ்ல சொல்லி வச்சா மட்டும் பத்தாது.

அதுக்கப்புறம் காத்திருக்குறதுதான், வருஷக் கணக்குல ஆகுறது சகஜம். நடுவுல இன்னும் ஆதாரம் வேணும்னு ஒரு லெட்டர் வந்தா பயப்படாதீங்க, அதுல என்ன கேட்டிருக்காங்கன்னு வரி வரியா படிச்சு, கடைசி தேதிக்குள்ள, எல்லாத்தையும் ஒரே தடவையா அனுப்புங்க, பாதி இப்ப பாதி அப்புறம்னு அனுப்ப முடியாது. காத்திருக்குற காலத்துல புதுசா வர்ற டாக்ஸ், லீஸ், ஸ்கூல் பேப்பர் எல்லாத்தையும் அதே ஃபைல்ல போட்டுக்கிட்டே வாங்க.

இன்டர்வியூ எல்லாருக்கும் வராது. வந்தா ரெண்டு பேரும் போகணும், குழந்தை பேரும் லெட்டர்ல இருந்தா அவனும். காலைல யாரு முதல்ல எந்திரிப்பாங்க, பையன் ஸ்கூலுக்கு எப்படி போவான், வீட்டு வாடகை எவ்வளவு, இந்த மாதிரிதான் கேப்பாங்க. மனப்பாடம் பண்ணிட்டு போகாதீங்க. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்றது தப்பே இல்ல.

கல்யாணம் உடைஞ்சு போனா, வீட்டுல அடி உதைன்னா

இத படிக்கிறவங்கள்ல யாராவது ஒருத்திக்கு இது தேவைப்படலாம், அதனால அழுத்திச் சொல்றேன்: அவர் கையெழுத்து இல்லேன்னா உன் ஸ்டேட்டஸ் போயிடும்னு யாராவது மிரட்டுனா அது பொய். கூட சேந்து போட முடியாதவங்களுக்கு தனியா போடுற வழிய சட்டமே குடுத்திருக்கு. நல்ல எண்ணத்தோட கல்யாணம் பண்ணி டிவோர்ஸ்ல முடிஞ்சிருந்தா ஒரு வழி. அவர் அடிச்சாரு, கொடுமைப்படுத்துனாருன்னா இன்னொரு வழி, இதுக்கு டிவோர்ஸ் ஆகியிருக்கணும்னு அவசியம் இல்ல. திருப்பி அனுப்புனா தாங்க முடியாத கஷ்டம் வரும்னு காட்டுறது இன்னொண்ணு. அவர் இறந்துட்டார்னா டெத் சர்டிபிகேட்டோட தனியா போடலாம். இப்படி தனியா போடுறதுக்கு 90 நாள் கதவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

குழந்தைய அடிச்சாலும் கொடுமைப்படுத்துனாலும் அதுக்குன்னு குழந்தை பேருலயே ஒரு அடிப்படை ஃபார்ம்ல இருக்கு. கொடுமை காரணமா போடுற விண்ணப்பத்துல நீங்க சொல்றத ரகசியமா வைக்கணும்னு சட்டம் இருக்கு, அவர்கிட்ட போய் சொல்ல மாட்டாங்க. தபால் பாதுகாப்பா வர்ற ஒரு அட்ரஸ குடுக்கலாம். போலீஸ் ரிப்போர்ட், டாக்டர் பேப்பர், கவுன்சிலர் லெட்டர், போட்டோ, அக்கம்பக்கத்துல இருக்குறவங்க எழுதிக் குடுக்குறது எல்லாமே ஆதாரம்தான், போலீஸுக்கு போகலேங்கிறதால கதவு மூடிடாது. ஆபத்துல இருந்தா குடும்ப வன்முறை ஹாட்லைன் 1-800-799-7233க்கு எந்நேரமும் கூப்புடலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்டா ஏற்பாடு பண்ணுவாங்க. தமிழ்ல பேசணும்னு கேளுங்க, இங்கிலீஷ் சரியா வரலேன்னு கூச்சப்படாதீங்க.

பிரிஞ்சு இருக்கீங்க, டிவோர்ஸ் இன்னும் முடியலேன்னா அது ரெண்டுங்கெட்டான் நிலைமை, குழந்தையோட ஸ்டேட்டஸும் அதே கல்யாணத்துல தொங்குது, இதுக்கு கண்டிப்பா வக்கீல் வேணும். வக்கீல்னா லைசென்ஸ் உள்ள அட்டர்னி, இல்ல அமெரிக்க நீதித் துறை அங்கீகாரம் குடுத்த பிரதிநிதி, இவங்களுக்கு மட்டும்தான் சட்ட ஆலோசனை சொல்ல உரிமை இருக்கு. ஃபார்ம் நிரப்பித் தர்றவங்க நல்ல மனுஷங்களாவே இருக்கலாம், ஆனா எந்த கட்டத்துல டிக் பண்ணணும்னு சொல்றது அவங்க வேலை இல்ல.

கார்டு வந்ததும், அதுக்கு அடுத்து சிட்டிசன்ஷிப்பும்

புது 10 வருஷ கார்டு வந்ததும் பேரு, பொறந்த தேதி, எப்ப இருந்து ரெசிடென்ட்ங்கிற தேதி மூணையும் பாருங்க. அந்த தேதி பழைய கார்டுல இருந்த அதே தேதியாத்தான் இருக்கணும், ஏன்னா கண்டிஷனலா இருந்த 2 வருஷமும் சிட்டிசன்ஷிப்புக்கு கணக்குல வரும்.

அமெரிக்க சிட்டிசன் கூட கல்யாணமாகி ஒண்ணா 3 வருஷம் வாழ்ந்திருந்தா, அந்த 3 வருஷமும் அவர் சிட்டிசனா இருந்திருந்தா, நீங்க ரெசிடென்ட் ஆகி 3 வருஷத்துலயே சிட்டிசன்ஷிப் கேக்குற ஃபார்ம், என்-400, போடலாம், அதுக்கும் 90 நாள் முன்னாடியே அனுப்பலாம். ஐ-751 இன்னும் முடியலேன்னாலும் போடலாம், ரெண்டையும் ஒரே இன்டர்வியூல பாத்து முடிச்சுக் குடுக்குறதும் நடக்குது.

இத நான் ஏன் இங்க இழுக்குறேன்னா குழந்தைக்காகத்தான். ஸ்டெப் ஃபாதர் சிட்டிசன்ங்கிறதால பையனுக்கு சிட்டிசன்ஷிப் வராது, அவர் சட்டப்படி தத்து எடுத்தாத்தான் அவர் வழியா வரும். ஆனா அம்மா நீங்க சிட்டிசன் ஆகுற அன்னைக்கு அவன் 18 வயசுக்கு கீழ இருந்து, கிரீன் கார்டோட, சட்டப்படி உங்க பொறுப்புல உங்க கூட அமெரிக்காவுல வாழ்ந்துட்டு இருந்தா, தனியா பரீட்சை எழுதாம, உறுதிமொழி எடுக்காம, அந்த நிமிஷமே அவனும் சிட்டிசன். 18 தாண்டிட்டா இந்த வழி மூடிடும், அவனே 5 வருஷம் முடிச்சு தனியா போடணும், அந்த 3 வருஷ சலுகை கல்யாணம் பண்ணவங்களுக்கு மட்டும்தான். அதனால உங்க பிள்ளைக்கு 14, 15 வயசுன்னா மூணாவது வருஷத்த காலண்டர்ல இப்பவே குறிச்சு வைங்க, ஒரு மாசம் கூட தள்ளிப் போடாதீங்க.

முதல் கல்யாணத்து டிவோர்ஸ் டிக்ரில பிள்ளை யார் பொறுப்புன்னு எழுதியிருக்குற பக்கம் அப்ப மறுபடி வேணும், இந்தியக் கோர்ட்டு பேப்பர்ல அது தெளிவா இல்லேன்னா ஊருக்கு போறப்பவே சர்டிஃபைடு காப்பி வாங்கிட்டு வந்துடுங்க. நீங்க உறுதிமொழி எடுத்ததும் உங்க சர்டிபிகேட், அவன் பர்த் சர்டிபிகேட், அவன் கிரீன் கார்டு, அந்த டிக்ரி நாலையும் எடுத்துக்கிட்டு அவனுக்கு நேரா அமெரிக்க பாஸ்போர்ட்டே அப்ளை பண்ணலாம், அவனுக்குன்னு தனி சர்டிபிகேட் வேணும்னா என்-600. 16 வயசுக்கு கீழ இருந்தா பாஸ்போர்ட்டுக்கு அவனையும் நேர்ல கூட்டிட்டு போகணும், ஸ்கூல் லீவு நாளா பாத்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க.